வரவேற்பு மடல் (மடற்குழு)

வரவேற்பு மடல் என்பது ஒரு மடற்குழுவிலோ மின்செய்திமடலிலோ புதிதாக இணைந்தவருக்கு, மனிதர் எவரும் தட்டச்சு செய்யாமலே, மென்பொருள் தானாக அனுப்பும் முதல் மின்னஞ்சல் ஆகும். குழுவின் நோக்கம், மடல் அனுப்ப வேண்டிய முகவரி, விலகும் முறை ஆகியவை இதில் இடம்பெறும். உறுதிப்படுத்தல் மடலும் இதுவும் ஒன்றே எனப் பலர் கருதுகின்றனர்; அது சரியன்று. உறுதிப்படுத்தல் மடல் இணைவதற்கு முன்னர் வருவது, வரவேற்பு மடல் இணைந்த பின்னர் வருவது.

வரலாறு

பிட்நெட் வலையமைப்பில் தொடக்கத்தில் உறுப்பினரைச் சேர்ப்பதும் நீக்குவதும் கைவேலையாகவே இருந்தன. 1986 இல் பாரிசில் மாணவராக இருந்த எரிக் தோமா எழுதிய லிஸ்ட்சர்வ் மென்பொருள் இவ்வேலையைத் தானியங்கியாக்கியது. 1992 இல் பிரெண்ட் சாப்மன் மேஜர்டோமோவை வெளியிட்டார். பின்னர் வந்த குனூ மெயில்மேன், குழுப் பொறுப்பாளர் ஒருவர் வலைப்பக்கத்திலேயே வரவேற்பு வாசகத்தை மாற்றிக்கொள்ள வழிசெய்தது.

தமிழில் இவ்வகைக் குழுக்களுள் முன்னோடியானது, பாலா பிள்ளை 1995 இல் தொடங்கிய தமிழ்.நெட் ஆகும். மதுரைத் திட்டம் இவ்வட்டத்தினரின் முயற்சியாக 1998 பொங்கல் நாளன்று தொடங்கியது. ஒருங்குறி பரவாத அக்காலத்தில் எழுத்துருவும் குறியேற்றமும் பொருந்தாவிடில் வந்த மடலைப் படிக்கவே இயலாது. எனவே புதியவருக்கு முதலில் தேவைப்பட்டது வணக்கம் அன்று, எந்த எழுத்துருவை நிறுவ வேண்டும் என்னும் குறிப்பே. அக்குறிப்பையும் தமிழில் எழுத முடியாது என்பதே அதிலிருந்த சிக்கல்! யாகூ குழுமங்களில் மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் முதலிய தமிழ்க் குழுக்கள் இயங்கின. அச்சேவை 2020 திசம்பர் 15 அன்று மூடப்பட்டது.

செயற்படும் முறை

ஒருவர் தம் முகவரியைப் பதிந்ததும் வழங்கி அம்முகவரிக்கு ஒரு தற்காலிகக் குறியெண்ணை அனுப்புகிறது. அவர் அதற்கு விடையளித்தாலோ இணைப்பைச் சொடுக்கினாலோதான் உறுப்பினராவார். இதனை இரட்டை ஒப்புதல் என்பர். மெயில்மேன் 2 இன் இயல்பு அமைப்பில் இக்குறியெண் மூன்று நாள் மட்டுமே செல்லும். ஒப்புதல் கிடைத்த கணத்தில் வரவேற்பு மடல் புறப்படும்.

இப்படிநிலையைத் தவிர்க்கும் ஆசை பொறுப்பாளருக்கு எளிதில் எழும், ஏனெனில் பலர் உறுதிப்படுத்தாமலே விட்டுவிடுவர். ஆனால் இதனை நீக்கினால் யாரும் எவருடைய முகவரியையும் பதிந்துவிடலாம். ஒருவரைத் தொல்லைப்படுத்த விரும்புபவர் அவர் முகவரியை நூற்றுக்கணக்கான குழுக்களில் நிரல்மூலம் பதிய, அத்தனை வரவேற்பு மடல்களும் ஒரே நேரத்தில் அவருடைய அஞ்சற்பெட்டியை நிரப்பும். வங்கியிலிருந்து வரும் எச்சரிக்கை மடல் கண்ணில் படாமலிருக்கவும் மோசடியாளர் இவ்வழியைக் கையாள்கின்றனர். அதாவது, நல்லெண்ணத்துடன் எழுதப்பட்ட "நல்வரவு" ஒன்று பிறர் கையில் கருவியாகிறது.

கூகுள் குழுமங்களில் பொறுப்பாளர் ஒருவரை நேரடியாகச் சேர்க்கவும், அழைப்பு மட்டும் அனுப்பவும் இயலும். அழைப்பே மேலானது.

மெயில்மேன் 2 வரவேற்பு மடலிலேயே உறுப்பினரின் கடவுச்சொல்லை வெளிப்படையாக எழுதி அனுப்பியது. மாதந்தோறும் நினைவூட்டவும் செய்தது. மெயில்மேன் 3 (2015) இவ்வழக்கத்தைக் கைவிட்டது. மெயில்மேன் 2 சார்ந்துள்ள பைத்தான் 2 இற்கான ஆதரவு 2020 தொடக்கத்தில் நின்றுவிட்டதால் புதிய குழுவிற்கு அதனைத் தேர்வது பொருத்தமன்று.

சுழற்சி

விடுப்பில் இருப்பவரின் தானியங்கி விடையும் குழுவின் தானியங்கி மடலும் ஒன்றுக்கொன்று பதிலளிக்கத் தொடங்கினால் முடிவே இராது. 2004 இல் வெளியான ஆர்எஃப்சி 3834, தானியங்கி மடல்கள் தம் தலைப்பகுதியில் தாம் தானாக உருவானவை என அறிவிக்க வேண்டும் என்கிறது. அவ்வறிவிப்பைக் காணும் மறுபுற மென்பொருள் விடையளிக்காது நின்றுவிடும்.

தமிழில் எழுதும்போது

ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறி யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகளைக் கொள்ளும். "வரவேற்பு" என்னும் சொல்லில் 8 குறிகள் உள்ளன. ஆகவே 24 பைட்டுகள். மடலின் பொருள் வரியை முதலில் ஏழுபிட்டு எழுத்துகளாக மாற்றியே அனுப்புவது வழக்கம். பேஸ்64 முறையில் இச்சொல் 32 எழுத்தாகும், கோட்டட் பிரிண்டபிள் முறையில் 72 ஆகும். தமிழுக்கு முன்னதே சிக்கனமானது.

மாற்றப்பட்ட ஒவ்வொரு துண்டும் 75 எழுத்தைத் தாண்டலாகாது என்பது விதி. முன்னும் பின்னும் வரும் அடையாளங்களைக் கழித்தால் பேஸ்64 இல் ஒரு துண்டில் 45 பைட்டுகள், அதாவது 15 தமிழ்க் குறிகளே அடங்கும். சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பையிலிருந்து ஒரு செய்திமடல் வெளிவருவதாகக் கொள்வோம். செட்டிநாட்டு ஊர்களைச் சேர்ந்தோர் மலேசியா, சிங்கப்பூர் எனப் பல இடங்களில் வாழ்வதால் இத்தகைய மடலுக்குத் தேவை உண்டு. "நெற்குப்பை செய்திமடலுக்கு நல்வரவு" என்னும் பொருள் வரி 95 பைட்டுகள் கொண்டது. குறைந்தது மூன்று துண்டுகள் தேவை. எழுத்தின் எல்லையைப் பாராமல் பைட்டுக் கணக்கில் வெட்டும் நிரல், ஒரு குறியை இரண்டாகப் பிளந்துவிடும். பெறுபவர் காண்பது ஊர்ப்பெயருக்குப் பின் ஓரிரு கட்டங்களும் கேள்விக்குறிகளுமே. சோதனை மடலை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பிப் பார்ப்பவருக்கு இக்குறை தெரியவே தெரியாது.

எரிதமாகாமல் சேர்தல்

வரவேற்பு மடல் எரிதப் பெட்டியில் விழுந்தால், தொடர்ந்து வரும் மடல்களும் அங்கேயே செல்லும் வாய்ப்பு மிகுதி. அனுப்பும் வழங்கிக்கு அக்களப்பெயரில் அனுப்ப உரிமை உண்டு என்பதை எஸ்பிஎஃப் பதிவு காட்டும். மடல் வழியில் மாற்றப்படவில்லை என்பதை டிகிம் கையொப்பம் காட்டும். இவை பொருந்தாதபோது என்ன செய்வது என்பதை டிமார்க் கூறும். நாளொன்றுக்கு ஐயாயிரத்திற்கு மேற்பட்ட மடல்களை ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இம்மூன்றையும் கொண்டிருக்க வேண்டும் என்பது 2024 பெப்ரவரி முதல் கூகுளின் நிபந்தனை. விளம்பர மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் அது கோருகிறது. சிறு குழுக்களுக்கு எஸ்பிஎஃப், டிகிம் ஆகியவற்றுள் ஒன்றேனும் வேண்டும்.

சட்டம்

இந்தியாவின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, ஒப்புதல் அளிப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதனைத் திரும்பப் பெறவும் இயல வேண்டும் என வகுத்துள்ளது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பிரிவுகள் கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே விலகும் இணைப்பு வரவேற்பு மடலின் அடியில் சிற்றெழுத்தில் ஒளிந்திருத்தல் முறையன்று. இரண்டாம் பத்தியிலேயே, தமிழில், "விலக இங்கே சொடுக்குக" என எழுதுவதே போதுமானது.