மலைக்கு மார்ச்சில் வந்த காய்ச்சல்

1918 காய்ச்சல் என்றுதான் உலகம் முழுக்கப் பேர். நம்ம மலைநாட்டுக்கு அது 1919 காய்ச்சல்.

அந்த இன்புளுவன்சாவில் இலங்கையின் வடக்கிலும் தெற்கிலும் சாவு உச்சத்துக்குப் போனது 1918 ஒக்டோபர் தொடக்கத்தில். தீவின் நடுப்பகுதியில், அதாவது மலைப் பக்கத்தில், உச்சம் வந்தது 1919 மார்ச் தொடக்கத்தில். இடையில் ஐந்து மாதம்.

இது எப்படித் தெரியும்? அன்றைக்குப் பரிசோதனை எதுவும் கிடையாது. மனிதரைத் தாக்கும் இந்த வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933இல்தான். ஆனால் மாவட்டம் மாவட்டமாக, வாரத்துக்கு எத்தனை சாவு என்று பதிந்து வைத்திருந்தார்கள். சித்தார்த் சந்திரா, தில்ஷானி சரத்சந்திர என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1912 முதல் 1923 வரையான அந்தக் கணக்கை எடுத்து, வழக்கமாக அந்த வாரத்தில் சாகிறவர்களை விட எத்தனை பேர் கூட என்று பார்த்தார்கள். 2014இல் ஆய்வு வெளிவந்தது. சாவுக்குக் காரணம் என்று என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை, கூடின எண்ணிக்கை பொய் சொல்லாது.

குடிசன மதிப்பீடுகளையும் வைத்து அவர்கள் போட்ட கணக்கில் இழப்பு 307,000, சனத்தொகையில் 6.7 வீதம். பிறக்காமல் போன பிள்ளைகளும் இதில் அடக்கம். முன்பு சொல்லப்பட்ட கணக்குகளை விட இது மிக அதிகம்.

நோய் இரண்டு வாசலால் உள்ளே வந்தது என்கிறது ஆய்வு. உடனே எங்களுக்கு 1914இல் திறந்த தனுஷ்கோடி–தலைமன்னார் பாதைதான் ஞாபகம் வருது. நம்ம பாட்டன், பூட்டன் பலர் வந்த வழி. அம்மை, கொலரா என்று பயந்து தொழிலாளரை மண்டபம் முகாமில் மறித்து வைத்தார்கள். இன்புளுவன்சாவோ காய்ச்சல் காட்டுறதுக்கு முன்னாலேயே தொற்ற ஆரம்பிச்சிடும். இதை வைத்து "கூலிகள்தான் கொண்டு வந்தாங்க" என்று யாராவது சொன்னால், மார்ச் மாதத்தைக் காட்டுங்கள். அப்படியென்றால் முதலில் செத்திருக்க வேண்டியது லயத்து ஆட்கள் இல்லையா?

தோட்டத்திலும் கணக்குக்குக் குறைச்சலில்லை. காலையில் பெரட்டு, செக்ரோலில் பேர், பிறகு கொழுந்து நிறுவை. காய்ச்சலில் படுத்தால் அன்றைக்குப் பேர் இல்லை, அவ்வளவுதான்.

இன்றைக்கு சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு இதைக் கவனிக்குது. தெரிவு செய்த ஆஸ்பத்திரிகளில் காய்ச்சலும் இருமலுமாக வருகிறவர்களை எண்ணி, சிலரின் சளி மாதிரியைக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். ஏப்ரல்–ஜூனிலும் நவம்பர்–ஜனவரியிலும் நோய் கூடுவது இப்படித்தான் தெரிய வந்தது. ஆனால் எண்ணுவதற்கு ஆள் ஆஸ்பத்திரிக்குப் போகணுமே! ஒரு நாள் பேரை விட்டுட்டு, ஹந்தானையிலிருந்து கண்டிக்கு இறங்கி வரிசையில் நிற்கிறதை விட, ரெண்டு பனடோலைப் போட்டுட்டு மலைக்கு ஏறுற அக்காமார்தான் அதிகம்.

1919 மார்ச் பற்றி உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது சொல்லியிருந்தால், தோட்டத்து மருந்து வீட்டின் பழைய கொப்பி எங்கேயாவது கண்ணில் பட்டால், எங்களுக்கு எழுதுங்க.