தளையும் பெல்ட்டும்

எங்க தோப்புல தேங்காய் போடுற அண்ணன் போன மழையில வழுக்கி விழுந்தார். பாதி மரம் இறங்கியிருந்ததால உயிர் தப்புச்சு, இடுப்புதான் போச்சு. அவங்கப்பா கத்துக் கொடுத்தது காலில் தளை போட்டு ஏறுறது. தளை பாதத்துக்குப் பிடிமானம் தரும்; கை நழுவினா தாங்காது. பனையேறிகளோட முருக்குத்தடி, நெஞ்சுத்தோலும் அப்படித்தான். ஏற உதவும், விழுந்தா பிடிக்காது.

இதை ஆறு நாள் பயிற்சியா ஆக்கினது தென்னை வளர்ச்சி வாரியம். 2011-ல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்'னு கேரளாவில் ஆரம்பிச்சாங்க. விழுந்தவங்க மேல இரக்கப்பட்டு இல்லைங்க, ஏற ஆள் கிடைக்காத பஞ்சம்! பிறகு நம்ம பக்கமும் வந்துச்சு. கருவி, கண்ணூர் மாவட்டத்துச் செம்பேரியில் பிறந்தது. ரெண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொண்ணுலயும் மரத்தைச் சுத்தி ஒரு கம்பிக்கயிறு. ஒரு காலைத் தூக்கும்போது மத்த காலோட எடையே கம்பியை இறுக்கிடும். காப்பீடும் உண்டு.

அண்ணன் மகன் அந்தப் பயிற்சிக்குப் போய் வந்தான். இப்ப கருவியோட இடுப்பு பெல்ட்டும் மாட்டித்தான் ஏறுறான். அண்ணன் திண்ணையில உக்காந்து முனகுறார்: "கழட்டி மாட்டுறதுக்குள்ள நான் ரெண்டு மரம் இறங்கியிருப்பேன்டா."

அவர் சொல்றது நெசம். மரத்துக்கு இவ்வளவுன்னு கூலி கொடுத்தா பெல்ட் மாட்டுற நேரம் அவன் காசு. தப்பு என் கணக்குலயும் இருந்துச்சு. இந்த வெட்டுல இருந்து நாள் கூலிதான் கொடுக்கறேன்.