புள்ளியும் இழையும்: கோலத்துள் உறையும் கணிதம்

தமிழகம், கன்னடம், ஆந்திரம் ஆகிய மூன்றும் நெருங்கும் எல்லையில் அமைந்தது வேப்பனப்பள்ளி. இங்கு விடியலில் வாசலில் இடப்படுவதைத் தமிழர் கோலம் என்பர். தெலுங்கர் முக்கு என்பர். கன்னடர் ரங்கோலி என்பர். பெயர் மூன்றாயினும், புள்ளியை வளைத்துச் செல்லும் சிக்குக் கோலத்தின் கணக்கு ஒன்றே.

மூன்று வரிசையில் வரிசைக்கு நான்கு புள்ளிகள் வைப்போம். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே இழைகள் குறுக்கிட, ஓரங்களில் வளைந்து திரும்ப, கோலம் ஒரே இழையில் முடிந்துவிடும். நான்கு வரிசையில் நான்கு நான்காக வைத்தாலோ நான்கு தனி இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறு எனில் இரண்டு இழைகள். வரிசை எண்ணுக்கும் புள்ளி எண்ணுக்கும் உரிய மீப்பெரு பொதுக் காரணியே இழைகளின் எண்ணிக்கை. இரு தனி இழைகள் குறுக்கிடும் ஓரிடத்தில் அவற்றை வெட்டவிடாமல் வளைத்துத் திருப்பினால், இரண்டும் ஒன்றாகிவிடும். கோலமிடும் பெண்டிர் கைப்பழக்கத்தால் அறிந்த நுட்பம் இது.

குறுக்கிடும் இடங்களை முனைகளாகவும், இடைப்பட்ட இழைகளை விளிம்புகளாகவும் கொண்டால் கோலம் ஒரு கோட்டுருவாகும். ஒவ்வொரு முனையிலும் நான்கு விளிம்புகள் கூடும். தொடர்ச்சியான உருவில் முனைதோறும் இரட்டைப்படை விளிம்புகள் இருந்தால், கை எடுக்காமல் வரைந்து தொடங்கிய இடத்துக்கு மீளலாம் என்பது 1736இல் ஆய்லர் தொடங்கிவைத்த கோட்டுருவியலின் அடிப்படை. சிக்குக் கோலமோ, முனையில் திரும்பாது நேரே செல்க என மேலும் ஒரு கட்டளை இடுகிறது. இழை ஒன்றா, பலவா என்னும் வினா பிறப்பது அதனால்தான்.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974இல் கோலங்களுக்குக் கணினி அறிவியல் முறையில் இலக்கணம் வகுத்து ஆய்விதழில் வெளியிட்டனர். வாசற்கலை அன்று உலக அரங்கேறியது.

இவ்விடத்தில் நம் சமயத்துப் பேரறிஞர் ஒருவரை நினைத்தல் தகும். ஒன்பதாம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், மகாவீராசாரியார் கணித சார சங்கிரகம் இயற்றினார். பல பொருள்களிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளை எண்ணுதற்குப் பொதுவிதி தந்த நூல் அது. பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்கில் தந்தார். 1912இல் ரங்காசாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் சென்னையில் அச்சேறியது. ஆயிரம் ஆண்டு கடந்தும் அந்நூல் நிலைத்தது, ஏட்டைப் படியெடுத்துக் காத்த கைகளால்.

கோலத்துக்கு அத்தகைய கைகள் எங்கே? தொழிற்பேட்டைகளின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாசல் சுருங்கிவிட்டது. ஒட்டுத்தாள் கோலம் நிலைப்படியில் அமர்ந்துவிட்டது. பாட்டியர் புள்ளிக்கணக்கு எழுதிய நோட்டுப் புத்தகங்கள் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன. சாத்திர தானத்தைப் பேரறமாகப் போற்றுவது நம் மரபு. இல்லத்தில் அத்தகைய நோட்டு ஒன்று இருப்பின், இவ்விழா நாளில் அதனைப் படியெடுத்துப் பேரப்பிள்ளைகள் கையில் சேர்ப்போம். அதுவும் சாத்திர தானமே.