விளையாட்டில் திசையொலியும் ஒலித்தரமும்: கேட்புச் சோதனைகளின் போதாமை

'கவுன்டர்-ஸ்ட்ரைக்' என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஹெட்போனில் முப்பரிமாண ஒலியை இயக்கினால் எதிரியின் காலடி எந்தப் பக்கம் என்பது பிடிபடுகிறது என்பார் ஒருசாரார். காலடியே சன்னமாகி, தகரத்தில் நடப்பதுபோல் கேட்கிறது என்பார் மறுசாரார். இரண்டுமே மெய்தான், இருவரும் அதைத் 'தரம்' என்றே சொல்வதுதான் சிக்கல்.

தொனி மாறுவதன் காரணம் தெளிவானது. இடமா வலமா என்பதை, இரு செவிகளுக்கும் ஒலி வந்துசேரும் நேர வேறுபாடும் (அதிகம் போனால் ஏறத்தாழ 0.7 மில்லிவிநாடி) அளவு வேறுபாடும் காட்டிக்கொடுக்கும். முன்னா பின்னா, மேலா கீழா என்பதற்குச் செவிமடலின் மடிப்புகள் உயர் அதிர்வெண்களில் உண்டாக்கும் மேடுபள்ளங்கள் வேண்டும். தலையும் செவியும் ஒலியை மாற்றும் விதத்தைப் போலச்செய்து முப்பரிமாண ஒலியை உருவாக்கும் எச்.ஆர்.டி.எஃப். வடிகட்டி அவற்றை ஒலியில் பதிக்கிறது. ஆனால் பதிவது பெரும்பாலும் இரவல் காது. எம்.ஐ.டி. 1994இல் 'கேமார்' என்ற பொம்மைத் தலையில் 710 திசைகளிலிருந்து அளந்த தரவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நம் காதோடு பொருந்தாத பள்ளம் திசையை உணர்த்தாமல் தொனிக் குறையாக நின்றுவிடுகிறது.

பல்தட ஒலியை வைத்து ஃபிரான்சிஸ் ரம்சி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், தர மதிப்பீட்டில் இடவுணர்வைவிடத் தொனிக்கே அதிக எடை கிடைத்தது. இதை அப்படியே விளையாட்டுக்குப் பொருத்துவதை நான் ஏற்கவில்லை. அங்கே கேட்பவர் உட்கார்ந்து ஒலித்துண்டுகளை ஒப்பிடுகிறார். விளையாட்டிலோ கேட்பவர் திரும்புகிறார்.

திரும்புவதன் பலனை வைட்மன், கிஸ்ட்லர் என்ற ஆய்வாளர்கள் 1999இல் காட்டினார்கள். ஒலிமூலத்தைக் கேட்பவரே நகர்த்தினால், தலை அசையாதபோதும் முன்பின் குழப்பம் பெரிதும் நீங்கியது. சோதனையாளர் நகர்த்தியபோது நீங்கவில்லை. மவுஸைத் திருப்பும் ஆட்டக்காரர் செய்வதும் இதைத்தான். அவர் வலப்புறம் திரும்ப, நடுவில் கேட்ட காலடி இடக் காதுக்கு நகர்ந்தால் ஆள் முன்னால்; வலக் காதுக்குப் போனால் பின்னால். இரவல் காது தவறவிட்டதைக் கை மீட்டுத்தருகிறது. அசையாக் கேட்பில் வடிகட்டியின் குறை முழுதாகப் பதிவாகிறது, பயன் பாதிகூடப் பதிவாவதில்லை.

காலமும் கணக்கில் வரவேண்டும். ஹோஃப்மன் குழுவினரின் 1998 ஆய்வில், செவிமடலில் அச்சு பொருத்தி வடிவம் மாற்றப்பட்டவர்கள் சில வாரங்களில் மேல்கீழ் அறிதலைத் திரும்பப் பெற்றார்கள். ஐந்து நிமிடக் கேட்புச் சோதனைக்கு இந்தப் பழக்கம் எட்டாது.

இதனால் தொனிக்கு விடுமுறை என்று ஆகாது. பின்னணி இசை, மெனு ஒலி போன்று திசை வேண்டாத இடத்தில் வடிகட்டியும் வேண்டாம். விளையாட்டு ஒருமுறை பதப்படுத்தியதை ஹெட்செட்டின் 'சரவுண்ட்' மறுபடி பதப்படுத்தினால் தொனியும் கெடும், திசையும் கெடும். பழியென்னவோ விளையாட்டின் மேல்தான். கதைக்காட்சி ஓடும்போது மவுஸ் செயலற்றிருப்பதால், அந்த நிமிடங்களுக்கு மட்டும் ரம்சியின் எடைக்கணக்கே செல்லும்.