திரையில் முதுமை, நிஜத்தில் 47

ஷோலே படத்துல ரெண்டு கையும் இல்லாத தாக்கூரை ஞாபகம் இருக்கா?

நரைச்ச தலை, தோளில் போர்த்திய சால்வை, இறுகிய முகம். பார்த்தா அறுபதை நெருங்கும் மனிதர் போல இருப்பார்.

1975ல் அந்தப் படம் வெளிவந்தபோது சஞ்சீவ் குமாருக்கு வயது 37தான்.

1938ல் சூரத்தில் பிறந்த குஜராத்தி. இயற்பெயர் ஹரிஹர் ஜேத்தாலால் ஜரிவாலா. நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்தவர். தஸ்தக், கோஷிஷ் என்று இரண்டு படங்களுக்குத் தேசிய விருது. அந்தக் கோஷிஷ்தான் தமிழில் கமல் நடித்த "உயர்ந்தவர்கள்". நம்ம சிவாஜி 9 வேடங்களில் நடித்த நவராத்திரியை 1974ல் இந்தியில் எடுத்தபோது, அந்த ஒன்பதையும் செய்தவர் இவரே.

ஹீரோ இமேஜ் பற்றியெல்லாம் கவலைப்படாத மனிதர். ஜெயா பாதுரிக்கு ஒரு படத்தில் அப்பா, இன்னொன்றில் கணவர், ஷோலேயில் மாமனார்.

1978ல் வந்த திரிசூல் படத்தில் சசி கபூருக்கு அப்பாவாக நடித்தார். நிஜத்தில் சசி கபூர் இவரைவிட சில மாதங்கள் மூத்தவர்!

இப்படித் திரையில் எத்தனையோ முறை கிழவராக வாழ்ந்தவர், நிஜத்தில் முதுமையைப் பார்க்கவே இல்லை.

முதல் மாரடைப்புக்குப் பிறகு அமெரிக்கா போய் பைபாஸ் செய்துகொண்டார். ஆனாலும் 1985 நவம்பர் 6ல் மீண்டும் மாரடைப்பு. 47 வயதில் போய்ச் சேர்ந்தார்.

அவருக்கு முன்பே ஒரு தம்பி இறந்திருந்தார். அவர் போய் ஆறே மாதத்தில் இன்னொரு சகோதரரும் இறந்தார். அந்தக் குடும்பத்தில் 50 வயதைத் தாண்டாதவர்கள் பலர்.

பலரும் இதை "விதி", "குடும்ப சாபம்" என்று சொல்லிக் கடந்துபோவார்கள்.

நாங்க டாக்டர்கள் இதை "குடும்ப வரலாறு" என்போம்.

அப்பா, அண்ணன், தம்பிக்கு 55 வயதுக்கு முன்போ, அம்மா, அக்கா, தங்கைக்கு 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தா, உங்களுக்கும் ஆபத்து அதிகம். "எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே" என்று இருக்கக் கூடாது.

சஞ்சீவ் குமார் காலத்தில் வழிகள் குறைவு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையே அமெரிக்காவில் முதன்முதலில் அனுமதி பெற்றது 1987ல். அவர் இறந்து இரண்டு வருடம் கழித்து.

இன்னிக்கு அந்த மாத்திரை நம்ம அரசு மருத்துவமனையிலேயே இலவசமாகக் கிடைக்குது.

அதனால குடும்பத்தில் இப்படி நடந்திருந்தா, நெஞ்சு வலிக்கும் வரை காத்திருக்காதீங்க. 30 வயதிலேயே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பாருங்க. புகையை இன்னிக்கே விடுங்க. டாக்டரிடம் போனா, கேட்காவிட்டாலும் குடும்பக் கதையை நீங்களே சொல்லுங்க.

சஞ்சீவ் குமார் நடித்த ஒரு படம் அவர் மறைந்து 8 வருடம் கழித்து, 1993லும் வெளியானது.

படம் காத்திருக்கும் நண்பர்களே. இதயம் காத்திருக்காது.