மதிலும் சுருங்கையும்

கோட்டைக்கு மதில் எடுத்த பண்டையோர், அதன் கீழே கரந்த வழி அமைத்தலும் உண்டு. அவ்வழியைத் தமிழர் சுருங்கை என்றனர். சிலப்பதிகாரம் மதுரை நகரின் சுருங்கையைக் குறிப்பிடுகின்றது. கிரேக்கச் சொல்லொன்றே வடமொழி வழியாக இவ்வுருப் பெற்றது என்பது சொல்லாராய்ச்சியாளர் பலர் கருத்து. மதிலும் சுருங்கையும் சேர்ந்து வளர்ந்த வரலாறு கணினி உலகிலும் உண்டு.

1988 நவம்பர் 2ஆம் நாள், ராபர்ட் மாரிஸ் என்னும் அமெரிக்க மாணவர் விடுத்த நிரலொன்று இணையத்தில் தானே பரவி, ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. ஒருவரையொருவர் நம்பி வாழும் சிற்றூர் போன்றிருந்த இணையம் அதன்பின் காவலை நாடிற்று. 1990களில் நிறுவனந்தோறும் 'ஃபயர்வால்' எனப்படும் தீயரண் எழுந்தது. கணினிக்குப் 'போர்ட்' எனப்படும் வாயில்கள் பல்லாயிரம். கோப்பு மாற்றத்துக்கு 21, அஞ்சலுக்கு 25 எனப் பணிக்கொரு வாயில் வகுக்கப்பட்டிருந்தது. தீயரண் அவற்றுள் பெரும்பாலானவற்றை அடைத்தது.

ஆயினும் ஒரு வாயிலை அடைக்க இயலவில்லை. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்தில் 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ முன்மொழிந்த வையவிரிவலைக்கு உரியது 80ஆம் வாயில். அதன் உரையாடல் முறையே எச்.டி.டி.பி. அரணுக்குள் இருந்தோரும் வலையைக் காண விழைந்தமையால், அவர்கட்காகத் தூது செல்லும் 'புரோக்சி' என்னும் பதிலி தோன்றியது. 1994 மே திங்களில் ஜெனீவாவில் கூடிய முதல் வலை மாநாட்டில் அரி லுவோட்டனனும் கெவின் ஆல்டிசும் அதனை விளக்கினர்.

அடுத்து மறைமொழி வந்தது. நெட்ஸ்கேப் நிறுவனத்தின் எஸ்.எஸ்.எல். முறையில் செல்லும் செய்தியைப் பதிலியால் படிக்க இயலாது. ஆகவே 'கனெக்ட்' என்னும் கட்டளை வகுக்கப்பட்டது. "இன்ன கணினியின் இன்ன வாயிலோடு இணைத்து விடுக" என்பதே அதன் பொருள். இணைத்தபின் பதிலி, திரையிட்ட பல்லக்கைச் சுமப்பவரைப் போல, உள்ளிருப்பது யாதென அறியாமலே சுமக்கும். வணிகத்தின் மறைவைக் காக்க வந்த அவ்வழியில் பிறவும் செல்லத் தலைப்பட்டன.

கனெக்ட் கிடைக்காத இடத்தில் வேறொரு முறை கையாளப்பட்டது. உள்ளிருக்கும் நிரல், தன் செய்தியைச் சாதாரண வலை வேண்டுகோள் ஒன்றனுள் பொதிந்து, வெளியிலுள்ள வலைச் சேவையகத்துக்கு அனுப்பும். அச்சேவையகம் உறையைப் பிரித்து உரியவரிடம் சேர்த்து, விடையையும் அவ்வாறே பொதிந்து திருப்பும். எச்.டி.டி.பி.யில் சேவையகம் தானாக முதலில் பேசாது. ஆதலால் உள்ளிருப்பது "செய்தி உண்டா?" என அடிக்கடி வினவ வேண்டும். தாமதமும் வீண்சுமையும் அதன் குறைகள்.

அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. 2001 ஏப்ரல் முதல் நாள் வெளியான ஆர்.எஃப்.சி. 3093, எல்லாச் செய்திகளையும் எச்.டி.டி.பி.க்குள் பொதிந்து தீயரணைக் கடக்கலாம் என நகைச்சுவையாக முன்மொழிந்தது. 2002 பிப்ரவரியில் கீத் மூர் எழுதிய ஆர்.எஃப்.சி. 3205, புதிய பணிகள் 80ஆம் வாயிலுக்குள் ஒளிந்து புகுவது தகாதென எச்சரித்தது. எல்லாம் ஒரே வாயிலில் நுழையுமாயின், வாயிலுக்கு எண் இட்டதன் பயனே கெடும் அன்றோ?

எச்சரிக்கை வென்றதில்லை. 2011 டிசம்பரில் வெப்சாக்கெட் இருவழி உரையாடலை வலை வாயிலிலேயே முறைப்படுத்தியது. 2022இல் ஆர்.எஃப்.சி. 9298, 2023இல் ஆர்.எஃப்.சி. 9484 ஆகியன பிற வலைப்பின்னல் செய்திகளையும் எச்.டி.டி.பி. வழியே செலுத்த நெறி வகுத்தன. நகையாகக் கூறியது இருபது ஆண்டுகளில் நெறியாயிற்று.

தணிக்கைக்குட்பட்ட நாட்டில் செய்தி தேடுவோர்க்கு இச்சுருங்கை உயிர்வழி. நிறுவனத்தின் தரவைக் கவரும் திருடனுக்கும் அதுவே வழி. உள்ளே செல்பவர் யாரென்பது சுருங்கைக்குத் தெரியாது. எல்லா வாயில்களையும் அடைத்த காவலர், திறந்துவிட்ட ஒன்றிலேயே எல்லாரையும் கூட்டினர். முன்னர் வாயிலின் எண் கண்டே பணியை அறிந்தவர், இன்று அதனையும் இழந்து நிற்கின்றனர். மதில் உயர உயரச் சுருங்கையும் ஆழமாகும் என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.