மங்கனீசுத் தாதுவும் மனித உழைப்பும்

கனியங்களின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடிப்பாளரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. மண்ணிற் கிடந்த கருங்கல்லொன்று எத்தகைய சமூகத் தேவையினால் வளமாகின்றது, அதற்கான விலையை யார் செலுத்துகின்றனர் என்னும் வினாக்கள் பின்தள்ளப்படுகின்றன. மங்கனீசின் முதன்மைத் தாதுக்களுள் ஒன்றாகிய பைரோலுசைற்றை முன்வைத்து அவ்வினாக்களை நாம் ஈண்டு எழுப்புவோம்.

பண்டைக் காலத்திலேயே கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க இத்தாது பயன்பட்டது. 1774இல் சுவீடனில் ஷீலே இதனை ஐதரோகுளோரிக் அமிலத்துடன் வினைப்படுத்திக் குளோரீன் வாயுவைப் பெற்றார். பெருகிவந்த பிரித்தானியப் பருத்தி ஆலைகளுக்கு, துணியை வெயிலில் நெடுநாள் விரித்து வெளுக்கும் பழைய முறை போதவில்லை. குளோரீனிலிருந்து வெளிற்றும் தூள் செய்யும் தொழில் வளர்ந்தமைக்கு இத்தேவையே காரணமாகும். அத்தொழிலுக்காகத் தாதுவை அரைத்த கிளாஸ்கோத் தொழிலாளரிடம் கால்கள் வலுவிழந்து, குரல் மங்கி, நடை தடுமாறும் நோயொன்றை மருத்துவர் ஜோன் கூப்பர் 1837இல் விவரித்தார். மங்கனீசுத் தூசு நரம்பு மண்டலத்தைத் தாக்குவதுபற்றிய முதல் மருத்துவப் பதிவு அதுவே.

1856இல் பெசெமர் தமது உருக்கு உற்பத்தி முறையை வெளியிட்டார். அம்முறையிற் கிடைத்த உலோகம் சூட்டில் வெடித்து நொறுங்கியது. மங்கனீசு கலந்த இரும்பைச் சேர்த்து மிகையான ஒட்சிசனையும் கந்தகத்தின் தீங்கையும் நீக்கலாம் என ரொபேட் மஷெற் காட்டினார். அதன்பின் உருக்குத் தொழிலே இத்தாதுவின் பெரும் நுகர்வாளராயிற்று.

இத்தேவை ஜோர்ஜியாவின் சியத்துரா பள்ளத்தாக்கையும் உலகச் சந்தையுடன் பிணைத்தது. கவிஞர் அக்காக்கி செரெத்தெலி அங்குள்ள தாதுவை வெளிக்கொணர முயன்றவர்களுள் ஒருவர். 1879இல் தொடங்கிய அகழ்வு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக உற்பத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கை வழங்கியது. தாது ஐரோப்பிய உருக்காலைகளுக்குச் சென்றது. சுரங்கத் தொழிலாளருக்கு எஞ்சியவை நீண்ட வேலைநேரமும் கரிய தூசுமே. 1905ஆம் ஆண்டுப் புரட்சியில் அவர்கள் முன்னணியில் நின்றமை தற்செயலன்று.

1925இல் சோவியத் அரசு இச்சுரங்கங்களை அமெரிக்க முதலாளி ஹரிமனுக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1928இல் அவ்வொப்பந்தம் முடிவுக்கு வந்தது. சோவியத் ஒன்றியத்தின் வீழ்ச்சிக்குப்பின் சுரங்கங்கள் தனியார் கைக்கு மாறின. 2021இல், அகழ்வினால் தம் வீடுகள் பிளவுண்ட சுக்ருத்தி கிராமத்தவர் இழப்பீடு கோரி உண்ணாவிரதமிருந்தனர். சிலர் தம் உதடுகளையே தைத்துக்கொண்டனர்.

இன்று மின்கலங்களுக்காக மங்கனீசின் தேவை மேலும் விரிவடைகின்றது. கூப்பர் பதிவுசெய்த தொழிலாளரையும் சுக்ருத்தி மக்களையும் உள்ளடக்காத கனிய வரலாறு முழுமையான வரலாறாகாது என்பதே எமது முடிபாகும்.